துருவை மறைப்பதா, நீக்குவதா?

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தயாரான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீரமைக்க விரும்புவோர் முதலில் கவலைகொள்வது அதன் இன்ஜினைப் பற்றித்தான். உண்மையில் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டிய பகுதி அதுவே. இன்ஜினைத் தனியே கழற்றி இறக்கலாம். தேய்ந்த பிஸ்டனை மாற்றலாம். சிலிண்டரைக் கடைந்து சீராக்கலாம். எத்தனை ஆண்டுகள் ஓடாமல் கிடந்தாலும் அதைப் பேச வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பழைய கார்களைக் காயலான் கடைக்கு அனுப்புவது இன்ஜின் அல்ல, துரு. உடற்கூட்டின் தகடு அரித்துப்போன பிறகு, நல்ல இன்ஜினும் புதிய டயரும் அந்தக் காரைக் காப்பாற்றுவதில்லை.

ஆனால் பழைய கார்களை வாங்குவோரும் விற்போரும் பாராட்டுவோரும் பெரும்பாலும் பார்ப்பது வண்ணப்பூச்சின் பளபளப்பை மட்டுமே. அந்தப் பளபளப்புக்கு அடியில் இருப்பது உறுதியான எஃகா, அல்லது பட்டி பூசி மறைக்கப்பட்ட ஓட்டையா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இது வெறும் அழகுப் பிரச்னை என்றால் விட்டுவிடலாம். துருவேறிய உடற்கூட்டைச் சரிசெய்யும் வேலை, அந்தக் காரில் அமர்பவரின் உயிரோடு தொடர்புடையது. எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, உலகில் மிக அதிகமாகச் சீரமைக்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்றான 'எம்ஜிபி' என்னும் பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரிலிருந்த எம்ஜி தொழிற்சாலை, 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்களை உருவாக்கியது. சாமானிய ஊதியக்காரரும் வாங்கக்கூடிய விலையில், திறந்த கூரையுடன், இருவர் அமரும்படி அமைந்த கார் அது. 1965இல் நிலையான கூரை கொண்ட ஜிடி வகையும் வந்தது. எம்ஜிபிக்கு முன்பு அதே தொழிற்சாலையில் உருவான எம்ஜிஏ காருக்கு அடியில் தனிச் சட்டகம் (சேசிஸ்) இருந்தது. இன்ஜின், சக்கரங்கள், இருக்கைகள் எல்லாவற்றின் பாரத்தையும் அந்தச் சட்டகம் தாங்கியது. மேலே இருந்த உடற்கூடு ஏறத்தாழ ஓர் உறை மட்டுமே.

எம்ஜிபியில் அந்தத் தனிச் சட்டகம் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்தக் கூட்டையே சட்டகமாகவும் ஆக்கினார்கள். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள தகடு தனியாக இருந்தால் கையாலேயே வளைத்துவிடலாம். அதையே நான்கு பக்கமும் மூடிய நீண்ட பெட்டியாக மடித்துப் பற்றவைத்தால், ஒரு காரின் பாரத்தைத் தாங்கும் உத்தரமாக மாறிவிடுகிறது. எடை குறைகிறது, உறுதி கூடுகிறது. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த முறையில் அமைந்தவையே.

கூரையுள்ள காரில் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள மேலே ஒரு பாலம் இருக்கிறது. திறந்த கூரைக் காரில் அந்தப் பாலம் கிடையாது. முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்து நிறுத்துபவை தரைத்தகடும், அதன் நடுவே ஓடும் மேட்டுப்பகுதியும், இரு கதவுகளுக்கும் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி உத்தரங்களும்தான். கதவுக்குக் கீழே உள்ள இந்த உத்தரத்தை ஆங்கிலத்தில் 'சில்' என்பார்கள்; நாம் கதவடி உத்தரம் என்று சொல்லலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காரில் ஏறும்போது காலில் தட்டும் விளிம்பு; எம்ஜிபியின் கட்டமைப்பிலோ அதுவே முதுகெலும்பு. அதற்குள் வெளித்தகடு, நடுவே செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு, உட்தகடு, அடியில் இவற்றைத் தரையோடு இணைக்கும் தகடு என நான்கு அடுக்குகள் உள்ளன. இவற்றுள் எது அரித்தாலும் உத்தரத்தின் வலிமை குறையும்.

இதைச் சென்னை வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு காரோடு ஒப்பிடலாம். 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் வடிவம். அதற்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு. சட்டகத்தின் பக்கவாட்டுக் கைகள் உடற்கூட்டைத் தாங்கின. அதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி, பக்கவாட்டுச் சட்டங்களை நீக்கி, 1962இல் உருவாக்கப்பட்டதே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். நீக்கிய சட்டங்களின் வேலையைச் செய்ய வேண்டிய பொறுப்பு ஸ்பிட்ஃபயரின் கதவடி உத்தரங்கள் மீது விழுந்தது. ஒரே குடும்பத்தில் பிறந்த இரு கார்கள். ஒன்றில் அந்த இடத்துத் துரு பெரும்பாலும் தோற்றக் குறை. மற்றொன்றில் அதுவே கட்டமைப்புக் குறை. துரு எவ்வளவு என்பதைவிட, எந்த இடத்தில் என்பதே முதன்மையான கேள்வி.

துரு எப்படிப் பிறக்கிறது என்பதும் அறியத்தக்கது. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் கூடும் இடத்தில் தகட்டின் பரப்பே மிகச் சிறிய மின்கலங்களின் தொகுப்பாகிவிடுகிறது. ஒரு புள்ளியில் இரும்பு கரைகிறது; பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் வினைபுரிகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்சாரம் எளிதில் கடக்கும், அரிப்பு விரைவுபடும். பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளிலும், கடற்காற்று வீசும் ஊர்களிலும் கார்கள் விரைவில் துருவேறக் காரணம் இதுவே. அலுமினியத்தின் மீது உருவாகும் ஆக்சைடு இறுக்கமான படலமாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் கொண்டது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் உள்ளே வழிவிடுகிறது. அரித்த இரும்பைவிடத் துரு பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், அது வண்ணப்பூச்சை மேலே தள்ளுகிறது.

ஆகவே காரின் மேற்பரப்பில் தெரியும் சிறு கொப்புளத்தைத் துருவின் தொடக்கம் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் அது முடிவு. மூடிய பெட்டிகளுக்குள் தயாரிப்பின்போது வண்ணம் சரியாகச் சென்று சேராத இடங்களில் ஈரம் ஆண்டுக்கணக்கில் தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்று, கடைசியாக வெளியே எட்டிப் பார்க்கும்போதுதான் கொப்புளம் தோன்றுகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பற்றவைக்கப்பட்ட மடிப்புகள் இதற்கு ஏற்ற இடம். நீர் நுழையும், காற்றோட்டம் இல்லாததால் காயாது.

எம்ஜிபியில் இத்தகைய இடங்கள் எவை என்பது சீரமைப்பாளர்கள் நன்கு அறிந்ததே. முன்சக்கரத்துக்குப் பின்னால், முன்பக்க மட்காடுக்குள் சேற்றைத் தடுக்க ஒரு தகடும் அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையும் உண்டு. ரப்பர் கெட்டதும் சேறு உள்ளே புகுந்து, ஈரத்தோடு கதவடி உத்தரத்தின் முன்முனையில் குவிகிறது. உத்தரத்தின் அடியில் நீர் வடிய விடப்பட்ட துளைகளைச் சேறும், அடிப்பாகத்தில் பூசும் கறுப்புப் பூச்சும் அடைத்துவிடுகின்றன. 1974 வரையிலான கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. அவற்றிலிருந்து கசிந்த அமிலம் அந்தப் பெட்டிகளையும் சுற்றுப்புறத்தையும் அரித்தது. பின்சக்கரங்களைத் தாங்கும் வில்தகடுகள் உடற்கூட்டோடு சேரும் இடங்களும் துருவுக்கு இரையாகின்றன. அங்கே தகடு பிய்ந்தால் பின் அச்சே இடம்பெயரும்.

இவ்வளவு சேதமும் ஒரு வாரத்தில், சொற்பச் செலவில் கண்ணிலிருந்து மறைக்கத்தக்கது என்பதுதான் அவலம். அரித்த உத்தரத்தின் மேல் மெல்லிய புதுத் தகட்டை உறைபோலப் போர்த்தி, ஆங்காங்கே பற்றவைத்து, விளிம்புகளில் பட்டி பூசித் தேய்த்து, வண்ணம் அடித்து, அடிப்பாகத்தில் தாராளமாகக் கறுப்புப் பூச்சு பூசிவிட்டால் போதும். இதற்கென்றே செய்யப்பட்ட மூடுதகடுகள் பல பதிற்றாண்டுகளாக விற்பனையில் உள்ளன. இன்னொரு குறுக்குவழி, வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி மாற்றுவது. எம்ஜிபியின் கதவடி உத்தரம் முன் மட்காடுக்குப் பின்னும், பின்புறத் தகட்டுக்குக் கீழும் நீண்டு செல்கிறது. அந்த இரு முனைகளையும் திறந்து பார்க்காமல் நடுப்பகுதியை மட்டும் புதுப்பித்தால், இரு கரைகளிலும் தூண் இல்லாத பாலம் கட்டியதற்குச் சமம்.

மறைக்கப்பட்ட துரு நின்றுவிடுவதில்லை. புதுத் தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் இடையே ஈரம் சிறைப்பட்டு, அரிப்பு முன்பைவிட விரைவாக நடக்கிறது. பட்டி என்பது தகட்டின் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பொருள். பாரம் தாங்கும் பொருள் அன்று. பட்டியால் அடைக்கப்பட்ட உத்தரம், விபத்தின்போது வரும் விசையை எங்கும் கடத்தாது, மடிந்துவிடும். திறந்த கூரைக் காரில் அந்த மடிப்பு நிகழும் இடம், மனிதர்கள் அமர்ந்திருக்கும் இடம்.

சரியான பழுதுநீக்கம் எப்படி இருக்க வேண்டும்? அதன் முதல் விதி, வெட்டுவதற்கு முன்பு தாங்கு என்பது. கதவடி உத்தரத்தை வெட்டியதும் கூடு தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும், தொய்ந்த வடிவத்தைத்தான் நிரந்தரமாக்குகிறோம். ஆகவே காரைச் சமதரையில், பாரம் விழ வேண்டிய இடங்களில் தாங்கிகள் கொடுத்து நிறுத்த வேண்டும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறிக்க வேண்டும். மேலே இடைவெளி குறுகி, திறந்த கதவை மூடும்போது பின்விளிம்பு இடித்தால், கூடு ஏற்கெனவே தொய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரியான நிலைக்கு உயர்த்திய பிறகு, கதவு இருக்கும் வெளியின் குறுக்கே இரும்புச் சட்டங்களை வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். மூலைவிட்ட அளவுகளை இருபுறமும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

இரண்டாவது விதி, நல்ல எஃகு தெரியும் வரை வெட்டு என்பது. சுத்தியலின் முனையால் தட்டினால் நல்ல தகடு ஒலிக்கும். அரித்த தகடு பொத்தென்று அமுங்கும். மெலிந்த தகட்டின் மேல் பற்றவைக்க முயன்றால் அது உருகி ஓட்டையாகும். அந்த ஓட்டையைச் சுற்றி இன்னும் சற்று வெட்ட வேண்டியிருக்கும். தொடங்கும்போது உள்ளங்கை அளவாகத் தெரிந்த சேதம், முடியும்போது ஒரு முழ நீளம் ஆவது இந்த வேலையில் வழக்கம். சீரமைப்புக் கனவுகள் பாதியில் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாவது, இணைக்கும் முறை. தொழிற்சாலையில் இரு தகடுகளை மின்முனைகளால் அழுத்திப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார்கள். பட்டறையில் அந்தக் கருவி எட்டாத இடங்களில், மேல்தகட்டில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, அவற்றின் வழியே அடித்தகட்டோடு உருக்கி நிரப்புகிறார்கள். நீண்ட விளிம்பை ஒரே இழுப்பில் பற்றவைத்தால் வெப்பத்தால் தகடு நெளிந்துவிடும். எனவே அங்குலம் அங்குலமாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்ய வேண்டும். வெளித்தகட்டை இறுதியாக மூடும் முன்பு கதவை மீண்டும் மாட்டி, இடைவெளி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் திருத்துவதற்கு அதுவே கடைசி வாய்ப்பு.

நான்காவது, காப்பு. பற்றவைக்கும் விளிம்புகளில் முன்னதாகவே துத்தநாகப் பூச்சு இட வேண்டும். மடிப்புகளை நீர் புகாத பசையால் அடைக்க வேண்டும். வண்ணம் அடித்து முடிந்த பிறகு, மூடிய பெட்டிகளுக்குள் நீண்ட குழாய் வழியாக மெழுகுக் கலவையைப் பீய்ச்ச வேண்டும். வடிகால் துளைகள் திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். துருவை வேதிமுறையில் மாற்றும் பாஸ்பாரிக் அமிலம் போன்றவை மேற்பரப்புத் துருவுக்கு உதவும். ஓட்டை விழுந்த உத்தரத்துக்கு எந்தக் கரைசலும் மருந்தாகாது. மணல் வீச்சால் துருவை நீக்கும் முறையும் கனமான பகுதிகளுக்கே ஏற்றது. மெல்லிய தகட்டின் மீது கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் தகடு நெளிந்து பாழாகும்.

இந்த வேலையைச் செய்யும் தொழிலாளியின் உடல்நலம் பற்றிப் பேசாமல் இதை விளக்கிவிட முடியாது. பழைய கார்களின் இணைப்புகளைத் தொழிற்சாலைகள் ஈயக் கலவையால் நிரப்பின. அதை இயந்திரத்தால் தேய்த்தால் ஈயத் தூள் மூச்சில் கலக்கும். அரத்தால் அராவுவதே முறை. இருகலவை வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட்டுகள் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. அவற்றைத் தெளிப்பவருக்குத் துணி முகக்கவசம் காப்பாகாது. வெளியிலிருந்து தூய காற்று வரும் கவசம் தேவை. எரிபொருள் தொட்டியைக் கழற்றாமல் அதனருகே பற்றவைப்பது வெடிவிபத்துக்கு அழைப்பு. குறைந்த கூலிக்கு வேலை முடிய வேண்டும் என்று நெருக்கும் உரிமையாளர், இந்தக் காப்புகளில் ஏதோ ஒன்றைத்தான் விலையாகக் கேட்கிறார்.

இவ்வாறு வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது எந்தக் கார் என்ற கேள்வி எழுவது இயல்பு. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், எம்ஜிபியின் தகடுகளை உருவாக்கிய பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, முழு உடற்கூட்டையே மீண்டும் தயாரித்து விற்கத் தொடங்கியது. துருவேறிய காரின் இன்ஜினையும் சக்கரங்களையும் இருக்கைகளையும் எடுத்து இந்தப் புதுக் கூட்டில் பொருத்தலாம். பாதுகாப்பு நோக்கில் இது மிகச் சிறந்த தீர்வு. பல மாதப் பற்றவைப்பு வேலையும் மிச்சம். ஆனால் 1965இல் ஆபிங்டனிலிருந்து வெளிவந்த கார் அதுதானா?

இந்தக் கேள்வி நீதிமன்றத்தையும் எட்டியிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி காரை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசல் அல்ல என்று கூறி மறுக்கவே, 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதை விசாரித்தது. 1929இல் பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆயினும் அந்தக் காரின் வரலாறு இடையறாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. வேறெந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கோரவில்லை. எனவே இதுவே அந்தக் கார் என்பது தீர்ப்பின் சாரம். காரின் அடையாளம் அதன் இரும்பில் மட்டுமல்ல, மறைக்கப்படாத வரலாற்றிலும் இருக்கிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் தெளிவு.

பழம்பெரும் வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் இதே திசையில் பேசுகிறது. புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பது மேல். மாற்றியே ஆக வேண்டிய பாகங்களை அடையாளம் காணும்படி குறியிட வேண்டும். செய்த வேலைகளை ஆவணப்படுத்த வேண்டும் என்பது அதன் நெறி. பழங்கோயில் ஒன்றின் சிதைந்த தூணுக்குப் பதிலாகப் புதுத் தூண் நிறுத்தும்போது, அது புதியது என்பதைப் பதிவு செய்வது நேர்மை. பழையது என்று நம்பவைப்பது மோசடி. காருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். புதுத் தகடு காரின் மதிப்பைக் குறைப்பதில்லை. மறைத்த தகடே குறைக்கிறது.

சட்டங்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு உணர்ந்திருக்கின்றனவா என்பது ஐயமே. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனை துருவை மிகக் கண்டிப்பாக அணுகுகிறது. சக்கரத் தாங்கிகள், ஸ்டீயரிங், இருக்கைப் பட்டை போன்றவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கட்டமைப்பு அரித்திருந்தால் கார் தோல்வியுறும். அந்த இடங்களில் பட்டியால் அடைத்த பழுதுநீக்கம் ஏற்கப்படாது. ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத கார்களுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இன்று எம்ஜிபி கார்கள் அனைத்தும் அந்த வயதைக் கடந்துவிட்டன. காரை ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கு இன்னமும் உண்டு. ஆனால் அடியில் புகுந்து பார்க்கும் மூன்றாவது கண் இல்லை. பழைய கார்களை நேசிப்பவர்கள் அக்கறையோடு பேணுவார்கள் என்பது விலக்கின் பின்னுள்ள நம்பிக்கை. பலர் பேணவும் செய்கிறார்கள். எனினும் துரு மறைந்து வளர்வது. உரிமையாளரின் அக்கறையால் மூடிய பெட்டிக்குள் பார்க்க இயலாது. துரு முற்றும் வயதில்தான் சோதனை இன்றியமையாதது. அந்த வயதில் அதை நீக்கியது முரண்.

இந்தியாவில் சிக்கல் வேறு வகையானது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய, மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும்; சட்டகம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்வது உள்ளிட்ட பெரிய அளவிலான மறுசீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லது. ஆனால் அரித்துப்போன கதவடி உத்தரத்தை வெட்டி, அதே அளவில், அதே வடிவில் புதிய எஃகைப் பொருத்துவது மாற்றமா, பழுதுநீக்கமா? இதை மாற்றம் என்று ஓர் அதிகாரி கருதிவிடக்கூடும் என்ற அச்சம் இருந்தால், உரிமையாளர் என்ன செய்வார்? துருவை வெட்டமாட்டார், மூடுவார். மரபைக் காக்க எழுதிய விதி, மரபுக்குள் இருக்கும் ஆபத்தைக் காப்பதில் முடியும். உரிய வடிவிலும் தடிமனிலும் செய்யப்பட்டு, படங்களோடு பதிவான கட்டமைப்புப் பழுதுநீக்கத்தை 'மாற்றம்' என்று கருதலாகாது எனத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

சட்டம் மாறும் வரை காத்திராமல் வாங்குவோர் செய்யக்கூடியவை சில உண்டு. வண்ணத்தைப் பார்க்கும் முன்பு கதவைத் திறந்து மூடிப் பார்க்கலாம். மென்மையான துணியில் சுற்றிய காந்தத்தை உத்தரத்தின் அடி விளிம்பு நெடுகிலும் நகர்த்தலாம். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. காரை உயர்த்தும் ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைக்க விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் கேட்கலாம். புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைப் பாதுகாப்பாக அன்றி ஒரு கேள்வியாகவே பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீரமைப்பின்போது எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். வெட்டிய இடமும், வெட்டியபின் தெரிந்த உள்பக்கமும், பொருத்திய தகடும், மூடும் முன்பு இட்ட பூச்சும் அவற்றில் இருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் இவற்றைக் காட்டப் பெருமைப்படுவார்.

உரிமையாளர்களும் ஒன்றை ஏற்க வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. மாதக்கணக்கில் உழைத்த பிறகும் கார் வெளித்தோற்றத்தில் முன்பிருந்ததைப் போலவேதான் இருக்கும். பார்ப்பவர்கள் வண்ணத்தைப் புகழ்வார்கள். உத்தரத்துக்குள் நிற்கும் தடுப்புத் தகட்டை யாரும் புகழப்போவதில்லை. அந்தத் தகட்டுக்கும் உரிய கூலியைக் கொடுக்க மனமிருந்தால் மட்டுமே, பட்டறையில் இருப்பவர் அதை நேர்மையாகச் செய்ய முடியும். கூலியைப் பளபளப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு உறுதியை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

பழைய பொருள்களைப் போற்றும் பண்பாடு நம்மிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஒரு பழைய காரைச் சாலைக்கு மீட்டுக் கொண்டுவருவது, அதை உருவாக்கிய தொழிலாளிகளின் கைத்திறனுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்தக் கார் சாலையில் தனியாக ஓடுவதில்லை. அதில் அமரும் குடும்பமும், எதிரே வரும் இருசக்கர வாகனக்காரரும், சாலையைக் கடக்கும் சிறுவனும் அதன் உத்தரத்தின் உறுதியை நம்பியே இருக்கிறார்கள். அப்படி நம்பியிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. துருவை வெட்டி நீக்க நாள்களும் பொருளும் அதிகம் செலவாகும். ஆனால் மறைத்த துருவுக்கான விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர், அதை மறைத்தவர் அல்லர்.